முப்பது நாள் பொறுப்பேன்

புகார்ப் பெட்டிக்குள் கையை விட்டபோது, வழக்கம்போல மிட்டாய்த் தாள்தான் தட்டுப்படும் என்று அவர் நினைத்தார். அகப்பட்டது நாலாக மடித்த ஒரு கடிதம்.

மாடிப்படித் திருப்பத்தில் நின்றபடியே பிரித்துப் படித்தார்.

'அவர் என்னை மனுஷ ஜென்மமாகவே நடத்துவதில்லை. பத்துப் பேர் முன்னால் தலைக்குள்ள என்ன களிமண்ணா என்று கேட்டார். நான் கொடுத்த லீவு லெட்டரைக் கிழித்தார். நான் அழுதபோது சிரித்தார். மூன்று வருடமாகத் தாங்கிக்கொண்டிருக்கிறேன். இன்றிலிருந்து முப்பது நாள் பொறுப்பேன். அதற்குப் பிறகு என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது.'

எழுதியவர் பெயர் இல்லை. யாரைப் பற்றி என்பதும் இல்லை. தேதி மட்டும் இருந்தது. அன்றைய தேதி.

கடிதத்தோடு நேரே முதலாளி அறைக்குப் போனார்.

லிஃப்டுகளைப் பராமரிக்கும் அந்த நிறுவனத்தில் ஆட்கள் விவகாரம் முழுக்க அவர் பொறுப்பு. வேலைக்கு எடுப்பது, விடுப்புக் கணக்கு, ஒழுங்கு நடவடிக்கை எல்லாம் அவர்தான். ஆபீஸில் அவருக்குச் சர்க்குலர் என்று பெயர். குழாயில் தண்ணீர் வராவிட்டால் ஒரு சுற்றறிக்கை ஒட்டுவார்; வந்துவிட்டால் அதற்கும் ஒன்று ஒட்டுவார். அந்தப் பெட்டியை மாட்டியதும் அவரே. கேமரா கண்ணில் படாத இடத்தில் இருந்தால்தான் தைரியமாகப் போடுவார்கள் என்று கம்பெனி வக்கீலம்மா சொன்னதால், ஆபீஸ் கதவுக்கு வெளியே, படிக்கட்டுச் சுவரில் மாட்டினார். நான்கு வருடத்தில் அதில் விழுந்த ஒரே எழுத்து, 'பூட்டை இழுத்துப் பார்த்தேன், கெட்டியாக இருக்கிறது' என்ற துண்டுச்சீட்டு.

முதலாளி கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

"யாரு எழுதினது?"

"தெரியல சார்."

"யாரைப் பத்தி?"

"அதுவும் தெரியல சார்."

"வேற என்னதான்யா தெரியும்?"

"முப்பது நாள்னு தெரியும் சார்."

முதலாளி வக்கீலம்மாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். "மேடம், மொட்டைக் கடுதாசி ஒண்ணு வந்திருக்கு. கிழிச்சுப் போட்டுடலாமா?"

அந்தம்மா கடிதத்தை முழுக்க வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

"கிழிக்கலாம் சார். நாளைக்கு அந்த ஆளு ஏதாவது செஞ்சுக்கிட்டா, இல்ல கோர்ட்டுக்குப் போனா, எங்களுக்குத் தெரியவே தெரியாதுன்னு உங்களால சொல்ல முடியாது. படிச்சிட்டீங்கல்ல, அந்த நிமிஷமே அது உங்க தலையில ஏறிடுச்சு. எழுதினது யாருன்னு மட்டும் தேடாதீங்க. யாரையும் கைநீட்டிக் காட்டாதீங்க. பொதுவா எல்லார்கிட்டயும் பேசுங்க. என்னென்ன செஞ்சீங்களோ அதைத் தேதி போட்டு எழுதி வைங்க."

"எழுதணுமா மேடம்?" சர்க்குலரின் முகம் அன்று முதல்முறையாகத் தெளிந்தது.

மதியத்துக்குள் அறிவிப்புப் பலகையில் சுற்றறிக்கை ஏறிவிட்டது. 'சக ஊழியரின் தலைக்குள் களிமண் உள்ளதா என வினவுவதும், விடுப்புக் கடிதங்களைக் கிழிப்பதும், அழுபவரைக் கண்டு நகைப்பதும் இன்று முதல் தடை செய்யப்படுகின்றன.'

அடியில் யாரோ பென்சிலால் எழுதினார்கள்: 'நேற்று வரை செய்தது செல்லுமா?'

"பொதுவா பேசுங்கன்னா இதுவா அர்த்தம்?" போனில் வக்கீலம்மாவின் குரல் உயர்ந்தது. "ரகசியமா வந்த புகாரை அப்படியே சுவத்துல ஒட்டிட்டீங்களே!"

சர்க்குலர் போனை வைப்பதற்குள் அறைக்கதவு படாரென்று திறந்தது. சர்வீஸ் மேனேஜர். மெக்கானிக்குகளுக்கு எல்லாம் மேலாள். அவர் இரண்டாவது மாடியில் பேசினால் கீழே வாசலில் காவலாளி எழுந்து நிற்பார். அதனால் பெயர் இடி.

"என்னைத்தானே போட்டிருக்கீங்க?"

"பேரே போடலியே அண்ணே."

"இந்த ஆபீஸ்ல களிமண்ணுன்னு வேற எவன் சொல்றான்? என் வாய்ல காலைல எந்திரிச்சதும் வர்ற மொத வார்த்தையே அதுதான். வீட்லயும் கேட்டுப் பாருங்க."

"அண்ணே, யாரையும் குறிப்பிட்டு…"

"சரி. இனிமே நான் வாயே திறக்கல. நீங்க கேக்கற மாதிரியே பேசறேன். பாருங்க."

மறுநாள் காலை, பதினைந்து வருட அனுபவமுள்ள ஒரு மெக்கானிக்கிடம் இடி போய் நின்றார். "உங்களுக்குச் சிரமம் இல்லேன்னா, அந்த ஆஸ்பத்திரி லிஃப்டைக் கொஞ்சம் பாத்துட்டு வர முடியுங்களா?"

மெக்கானிக்கின் கையிலிருந்து ஸ்பேனர் நழுவியது.

பத்து மணிக்கு மூன்று மெக்கானிக்குகள் சர்க்குலர் அறையில் வரிசையாக நின்றார்கள்.

"எங்களை வீட்டுக்கு அனுப்பப் போறீங்களா சார்?"

"யாரு சொன்னா?"

"அவர் எங்களை 'வாங்க, போங்க'ன்னு பேசறார் சார். பயமா இருக்கு. கணக்கை முடிக்கறதுக்கு முன்னாடிதான் இப்படி மரியாதையா பேசுவாங்கன்னு கேள்விப்பட்டிருக்கோம்."

ஒருவர் ஏற்கெனவே வேறு இடத்தில் வேலை கேட்டுவிட்டாராம். சர்க்குலர் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, அப்படியெல்லாம் இல்லை என்று சத்தியம் செய்தார். அவர் சத்தியம் செய்ததில் அவர்கள் இன்னும் பயந்து போனார்கள்.

ஏழாம் நாள் முதலாளி கூப்பிட்டார். அவருக்கும் தூக்கம் போயிருந்தது. கண்ணடியில் கருவளையம் விழுந்திருந்தது.

"எல்லார்கிட்டயும் நல்ல நடத்தை உறுதிமொழின்னு ஒண்ணு எழுதி வாங்குங்க. கையால எழுதணும். லெட்டர்ல இருக்கற எழுத்தோட வச்சுப் பாப்போம்."

"சார், தேடவே கூடாதுன்னு வக்கீலம்மா…"

"தேடலய்யா. ஒப்பிட்டுப் பாக்கறோம்."

தங்கள் இருவரையும் விட்டுவிட்டு, முப்பத்துநாலு பேரிடமும் வாங்கினார்கள். முதலாளி அறையைத் தாழிட்டுக்கொண்டு, பூதக்கண்ணாடி வைத்து இரண்டு நாள் பார்த்தார்கள். ஒன்றும் ஒத்துப்போகவில்லை.

"இடது கையால எழுதியிருக்கான்," என்றார் முதலாளி. "இடது கையால ஒரு தடவை வாங்குங்க."

இடது கையாலும் வாங்கினார்கள். அதைப் படிக்கவே முடியவில்லை. ஆபீஸ் முழுக்க இப்போது கிசுகிசு. ஒருவர் எழுதும்போது மற்றவர் எட்டிப் பார்த்தார். சாப்பாட்டு மேசையில் ஒன்றாக உட்கார்ந்தவர்கள் தனித்தனியாக, சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்கள். நீயா எழுதினாய் என்ற சந்தேகம் பாதிப் பேருக்கு. என்னைப் பற்றியா எழுதினார்கள் என்ற சந்தேகம் மீதிப் பேருக்கு.

சர்க்குலரால் பொய்யும் எழுத முடியவில்லை. நடந்ததையெல்லாம் தேதி போட்டு ஃபைலில் வைத்திருந்தார். அதை வக்கீலம்மாவிடம் காட்டியும் விட்டார்.

அந்தம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "பழிவாங்கத் தேடினாங்கன்னு எவனாவது கேஸ் போட்டா, அதுக்கு அறுபத்தெட்டு ஆதாரத்தை நீங்களே வரிசையா நம்பர் போட்டு அடுக்கி வச்சிருக்கீங்க."

"மன்னிச்சிருங்க மேடம்."

"இனி நானே வர்றேன். எல்லாரையும் உக்கார வச்சு ஒரு பயிற்சி நடத்திடுவோம்."

பயிற்சி பதினெட்டாம் நாள் நடந்தது. வக்கீலம்மா ஒரு மணி நேரம் நன்றாகத்தான் பேசினார். கண்டிப்பது வேறு, அவமானப்படுத்துவது வேறு. வேலையில் தப்பு இருந்தால் வேலையைச் சொல்லுங்கள், ஆளைச் சொல்லாதீர்கள் என்று விளக்கினார். கடைசியில்தான் வினை வந்தது. இடத்தை மாற்றி நடித்துப் பார்க்கலாம் என்றார். இடி தொழிலாளியாக நடிக்க வேண்டும். மேனேஜராக நடிக்க ஒரு சாதுவான ஆள் வேண்டும். எல்லோரும் ஸ்டோர்காரரைப் பார்த்தார்கள்.

ஸ்டோர்காரர் வாயைத் திறந்தே யாரும் பார்த்ததில்லை. உதிரிபாகங்களை எடுத்துக் கொடுப்பார், கையெழுத்து வாங்குவார், அவ்வளவுதான். அவர் தயங்கித் தயங்கி முன்னால் வந்தார். கையில் கொடுத்த வசனத் தாளைப் பார்த்தார். பிறகு அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"கேபிள் ரோல் எங்கடா?" என்றார்.

அறையில் லேசான சிரிப்பு.

"இங்கதான் சார் இருக்கு," என்று இடி நடித்தார்.

"இருக்குன்னா நான் பாக்க வேண்டாமா? உன்னையெல்லாம் எவன்டா வேலைக்கு எடுத்தான்? தலைக்குள்ள என்ன இருக்கு? சோறு திங்கறதுக்கு மட்டும் வாய் இருக்கு, பதில் சொல்ல வாய் இல்லியா? உன் பொண்ணு பரிச்சைல தேறினான்னு மிட்டாய் குடுத்தியே, உனக்குப் பொறந்தது எப்படிடா தேறுச்சு?"

சிரிப்பு நின்றது.

அவர் நிறுத்தவில்லை. இடி தன்னைச் சொன்னதெல்லாம் ஒவ்வொன்றாக வந்தது. எந்த வருடம், எந்தப் பொருள் காணாமல் போனபோது, யார் யார் நின்றார்கள் என்பது வரை வந்தது. குரல் உயரவே இல்லை. பதினோரு வருடத்தையும் சொல்லி முடித்துவிட்டு, "அவ்வளவுதான் மேடம்" என்று போய் உட்கார்ந்தார்.

இடி நின்ற இடத்திலேயே நின்றார். "அந்த மிட்டாய் விஷயம்…" என்றார். "நான் சும்மா தமாஷுக்கு…"

சர்க்குலர் ஸ்டோர்காரரைத் தனியே பிடித்தார். "அண்ணே, நான் கேக்கவே கூடாது. அந்த லெட்டர்…"

"நான் எழுதல சார். எழுதணும்னு பதினோரு வருஷமா நெனச்சுட்டே இருந்தேன். யாரோ முந்திட்டாங்க."

அடுத்த நாள் ஸ்டோர்காரர் வேலைக்கு வரவில்லை. போன் அணைத்திருந்தது. பத்து மணி, பதினொன்று, பன்னிரண்டு. 'என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது' என்ற வரி சர்க்குலரின் காதில் ரீங்காரமிட்டது. சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். பின்னாலேயே தடதடவென்று காலடிச் சத்தம். இடி.

"நானும் வர்றேன்."

இருவரும் ஒரே வண்டியில் கிளம்பினார்கள். ஒரு சிக்னலில் இடி, "வண்டியைக் கொஞ்சம் வேகமா ஓட்டுங்களேன்," என்றார்.

கதவைத் திறந்தது ஸ்டோர்காரரின் மனைவி. இருவர் முகத்தையும் பார்த்து உதட்டில் விரலை வைத்தார்.

"மெதுவா பேசுங்க. தூங்கறார்."

"தூ… தூங்கறாரா?"

"நேத்து சாயங்காலம் வந்து படுத்தவர்தான். இத்தனை வருஷத்துல இப்படித் தூங்கிப் பாத்ததில்ல. எழுப்ப மனசு வரல, போனை நான்தான் அணைச்சு வச்சேன். ஆபீஸ்ல ஏதாவது நல்ல சேதியா?"

இடி வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். ஸ்டோர்காரரின் மனைவி உள்ளே அழைத்தும் வரவில்லை. ஸ்டோர்காரர் எழுந்து வந்தபோது, இத்தனை பெரிய ஆள், சின்னக் குரலில், "பொண்ணு இப்ப என்ன படிக்குது?" என்று கேட்டார். அதற்குமேல் அவருக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியவில்லை. ஸ்டோர்காரருக்கு அதுவே போதுமாக இருந்தது போலும். ஒரு நாற்காலியைத் தூக்கிவந்து அவர் பக்கத்தில் போட்டார்.

அன்று வீட்டில் சர்க்குலரின் மனைவி கேட்டாள்.

"களிமண்ணு அவர் சொன்னது. சரி. லீவு லெட்டரைக் கிழிச்சது யாரு?"

"தெரியல."

"அழுதப்ப சிரிச்சது?"

"அதுவும்தான் தெரியல."

"கல்யாணமான புதுசுல நான் அழுதா நீங்க சிரிப்பீங்க. பதட்டம் வந்தா உங்களுக்குச் சிரிப்பு வந்துடும். நான் பழகிட்டேன். ஆபீஸ்ல இருக்கறவங்களுக்கு அது தெரியுமா?"

சர்க்குலர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினார்.

இருபத்துநாலாம் நாள் அவர் தன் அறையைத் திறந்து வைத்தார். யார் வேண்டுமானாலும் வந்து மனதில் இருப்பதைச் சொல்லலாம், எதுவும் வெளியே போகாது என்று நேரில் போய்ச் சொன்னார். இந்தத் தடவை சுற்றறிக்கை விடவில்லை. புகார் சொல்ல வருவார்கள் என்று எதிர்பார்த்தார். ஆறு பேர் வந்தார்கள். ஆறு பேரும், "அந்த லெட்டர் என்னைப் பத்திதான் சார்," என்றார்கள்.

ஏழாவதாக முதலாளி வந்து கதவைச் சாத்தினார்.

"லீவு லெட்டரைக் கிழிச்சது நான்தான்."

"சார்!"

"அஞ்சு வருஷம் இருக்கும். போன் எடுக்கற பொண்ணோடது. அவ தங்கச்சி கல்யாணத்துக்குன்னு பத்து நாள் கேட்டிருந்தா. அந்த மாசம் ஆளே இல்ல. கிழிச்சுக் குப்பைல போட்டுட்டு, எனக்கு லெட்டரே வரலன்னுட்டேன். அவளைக் கூப்பிடுங்க. இன்னிக்கே சொல்லிடறேன். ஆறு நாள்தான் இருக்கு."

லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் அழைத்தால் போனை எடுத்து, பதறாமல் பேசி, ஆள் அனுப்புவது அந்தப் பெண்ணின் வேலை. எவ்வளவு கத்தினாலும் நிதானம் தவறாதவள். முதலாளி சொல்லி முடிக்கும்வரை நிதானமாகத்தான் நின்றாள்.

"கிழிச்சீங்களா?"

"தப்புதாம்மா."

"உங்க மேசைல வைக்க நான்தான் மறந்துட்டேன்னு நெனச்சேன் சார். கல்யாணத்துக்கு முந்தின நாள் ராத்திரிதான் போய்ச் சேந்தேன். லீவு கேக்கக்கூடத் தோணலியா உனக்குன்னு என் தங்கச்சி இன்னிக்கு வரைக்கும் கேக்கறா. அஞ்சு வருஷமா அவகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டிருக்கேன்!"

அவள் அழுதாள். முதலாளி தலையைக் குனிந்துகொண்டார். சர்க்குலருக்கு உதடு தானாக விரிந்தது. பல்லைக் கடித்தார். கையால் வாயைப் பொத்தினார். அப்படியும் 'க்ளுக்' என்று வந்துவிட்டது.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். "சிரிக்கிறீங்களா சார்?"

"இல்லம்மா, இது வந்து… பதட்டத்துல…"

ஆண்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். களிமண், கிழித்தது, சிரித்தது. ஒரே ஆளைப் பற்றி இல்லை. மூன்று பேரைப் பற்றி. எழுதியவள் எதிரே நிற்கிறாள்.

"அந்த லெட்டரை எழுதினது நீதானாம்மா?" என்றார் முதலாளி மெதுவாக.

"நான் எழுதல சார்," என்று அவள் மேசையிலிருந்த தாளை இழுத்தாள். "இப்ப எழுதறேன்."

எழுதியது ராஜினாமா. கையெழுத்து சந்தேகமேயில்லாமல் வேறு.

அடுத்த நாள் சர்க்குலர் அவள் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டார். சிரிக்காமல் கேட்பதற்காகத் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். அவள் மன்னித்தாள், அவள் தங்கையிடம் முதலாளியே போனில் உண்மையைச் சொன்னார். ஆனால் வேலைக்குத் திரும்ப மறுத்துவிட்டாள். வேறு இடம் பார்த்துக்கொண்டாளாம்.

அவள் நாற்காலியில் முதலாளியே உட்கார வேண்டியதாயிற்று.

"ஹலோ, சொல்லுங்க. எங்க மாட்டியிருக்கீங்க?"

"லிஃப்ட்லதாங்க!"

"அது தெரியுது. எந்த மாடி?"

"அது தெரிஞ்சா நான் ஏங்க உங்களுக்குப் போன் பண்றேன்?"

ஒரு நாளில் நாற்பது போன். 'தலைக்குள்ள என்ன' என்று ஆரம்பித்து மூன்று முறை விழுங்கினார். நாலாம் நாள் மாலையில், "அந்தப் பொண்ணுக்குப் பத்து நாள் இல்ல, ஒரு மாசமே குடுத்திருக்கலாம்யா," என்றார்.

முப்பதாம் நாள் வந்தது. எழுதியவர் யார் என்பது இன்னும் தெரியவில்லை. காலையிலிருந்து இடி படிக்கட்டில் நின்று வருகிறவர்களை எண்ணினார். முப்பத்து மூன்று பேரும் வந்துவிட்டார்கள். எல்லோரையும் நலம் விசாரித்தார். முதலாளி ஒவ்வொரு போன் மணிக்கும் தூக்கிவாரிப்போட்டு எழுந்தார். தபால்காரர் வந்தபோது சர்க்குலர் படிக்கட்டுக்கே ஓடிப்போய் வாங்கினார். வந்தது மின்கட்டண ரசீது. மணி மூன்று. நாலு. ஒன்றும் நடக்கவில்லை.

நாலரை மணிக்கு, போன் எடுக்கும் வேலைக்கு விண்ணப்பித்திருந்த ஒரு பெண் நேர்முகத்துக்கு வந்தாள். மூவரும் எழுந்து நின்று வரவேற்றார்கள். இடி நாற்காலியை இழுத்துப் போட்டு, "உங்களுக்குச் சௌகரியமா இருக்குங்களா?" என்று கேட்டார். முதலாளி தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். அவள் ஏதோ தவறான அறைக்கு வந்துவிட்டதுபோல மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

சர்க்குலர் விண்ணப்பத்தைப் புரட்டினார். "அட, இப்ப வேலை பாக்கறது இதே கட்டடத்துலயா?"

"ஆமா சார். உங்களுக்கு மேல, மூணாவது மாடி. டிராவல்ஸ் ஆபீஸ்."

"நல்ல கம்பெனியாச்சேம்மா," என்றார் முதலாளி கனிவாக. "மூணு வருஷம் வேற இருந்திருக்கே. அதை ஏன் விட்டுட்டு வர்றே?"

அந்தப் பெண் தம்ளரைக் கீழே வைத்தாள். "எங்க ஆபீஸ்ல புகார்ப் பெட்டி கிடையாது சார், அதான் எல்லாத்தையும் எழுதி, போன மாசமே உங்க பெட்டில போட்டேன்… நீங்க படிக்கலியா?"